‘டிஃப் பணம்’ யாருடைய பணம்? சிகாகோ வீட்டுவரியில் ஒளிந்திருக்கும் ஒரு கணக்கு

சிகாகோவில் பட்ஜெட் பேச்சு தொடங்கிவிட்டால் போதும், ‘அதான் டிஃப் பணம் இருக்கே, அதை எடுத்துக் கொடுக்க வேண்டியதுதானே’ என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வந்துவிடும். டிஃப் என்பது, ஒரு பகுதியின் சொத்து மதிப்பு ஏறும்போது கிடைக்கும் கூடுதல் வீட்டுவரியை அந்தப் பகுதிக்கென்று தனியே ஒதுக்கி வைக்கும் ஏற்பாடு. பள்ளிக்கூடத்துக்குப் பற்றாக்குறையா, டிஃபிலிருந்து எடு. ரயில் பாதை போட வேண்டுமா, டிஃபிலிருந்து எடு. இன்னொரு பக்கம், டிஃப் என்பது மேயர் கணக்குக் காட்டாமல் செலவழிக்கும் தனிப்பெட்டி என்று வருடக்கணக்காகச் சொல்லி வருகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்றாவதாக, ‘எங்கள் தெருவை டிஃபுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள், அதனால்தான் வரி ஏறிவிட்டது’ என்று வருத்தப்படும் வீட்டுக்காரர்கள்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மூன்றுமே முழுசாகச் சரியில்லை. சமீப வருடங்களில் சிகாகோவில் ஆண்டுக்கு 100 கோடி டாலருக்கு மேல் இந்த வழியாகப் போகிறது. இவ்வளவு பெரிய தொகையைப் பற்றி ஊரே அரைகுறையாகப் பேசிக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். வரிக்கணக்கு தெரியாதவர்களும் பின்தொடர முடிகிற மாதிரி, வீட்டுக் கதையிலிருந்தே தொடங்கலாம்.

தம்பியின் இன்க்ரிமென்ட்

டிஃப் என்பது ‘டேக்ஸ் இன்க்ரிமென்ட் ஃபைனான்சிங்’ என்பதன் சுருக்கம். இன்க்ரிமென்ட் என்றதும் நமக்குச் சம்பள உயர்வு நினைவுக்கு வரும். அதையே பிடித்துக்கொள்வோம்.

ஒரு கூட்டுக் குடும்பம், மூன்று சகோதரர்கள். மாதச் செலவு எவ்வளவு என்று முதலில் பார்த்துவிட்டு, அவரவர் சம்பளத்துக்குத் தக்கபடி பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கடைசித் தம்பிக்குச் சம்பளம் குறைவு, அவன் இருக்கும் அறையோ மழைக்கு ஒழுகுகிறது. குடும்பம் உட்கார்ந்து ஒரு முடிவு எடுக்கிறது: ‘இனி 23 வருடத்துக்கு, பங்கு பிரிக்கும்போது தம்பியின் இன்றைய சம்பளத்தை மட்டும் கணக்கில் எடுப்போம். நாளைக்கு அவன் சம்பளம் ஏறினால், ஏறிய பகுதிக்கு உண்டான பங்கை அவன் தனி உண்டியலில் போடட்டும். அந்த உண்டியலை வைத்து அவன் அறையைச் சரிசெய்வோம்.’

நல்ல ஏற்பாடுதான், யாருக்கும் நஷ்டம் இல்லை என்று தோன்றும். ஆனால் அந்த 23 வருடமும் மளிகை விலை ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஏறும் செலவைப் பங்கு போடும்போது தம்பியின் சம்பள உயர்வு கணக்கில் வராது, அதனால் எல்லாருடைய பங்கும் கொஞ்சம் கூடும். உண்டியல் நிறைவதற்கு அண்ணன்மாரும் சேர்ந்துதான் உழைத்திருக்கிறார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

வீட்டுவரியை முதலில் புரிந்துகொள்வோம்

டிஃபைப் பற்றிய குழப்பத்தில் பாதி உண்மையில் வீட்டுவரியைப் பற்றிய குழப்பம். வீட்டின் மதிப்பு ஏறினால் அரசுக்கு வரி வருமானம் தானாக ஏறும் என்று பலரும் நினைக்கிறார்கள். குக் கவுண்டியில், அதாவது சிகாகோ இருக்கும் மாவட்டத்தில், அப்படி நடப்பதில்லை.

ஊர்த் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிற மாதிரிதான் இங்கே நடக்கிறது. முதலில் மொத்தச் செலவு, அப்புறம் பங்கு. நகராட்சி, பள்ளி வாரியம், பூங்கா வாரியம், கவுண்டி, கழிவுநீர் வாரியம் என ஒவ்வொரு அமைப்பும் ‘இந்த வருடம் எங்களுக்கு இவ்வளவு டாலர் வேண்டும்’ என்று ஒரு தொகையைச் சொல்லும். அதற்குப் பெயர் லெவி. அந்தத் தொகையை ஊரிலுள்ள சொத்துக்களின் மொத்த மதிப்பால் வகுத்தால் வரி விகிதம் கிடைக்கும். அந்த விகிதத்தை உங்கள் வீட்டின் மதிப்போடு பெருக்கினால் உங்கள் பில். நடுவில் வேறு சில பெருக்கல்களும் சலுகைகளும் உண்டு, இங்கே அவை வேண்டாம்.

எல்லாருடைய வீட்டு மதிப்பும் ஒரே மாதிரி ஏறினால் விகிதம் இறங்கிவிடும், பில் மாறாது. உங்கள் மதிப்பு மற்றவர்களைவிட அதிகமாக ஏறினால்தான் உங்கள் பங்கு கூடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

எல்லைக்கோடு போட்ட பிறகு

இப்போது எளிய எண்களில் ஒரு கற்பனை ஊர். மொத்தச் சொத்து மதிப்பு 10 கோடி டாலர். ஊருக்கு வேண்டியது 50 லட்சம். விகிதம் 5 சதவீதம்.

ஊரின் ஒரு மூலையில் 2 கோடி மதிப்புள்ள பகுதி பழசாகிக் கிடக்கிறது. நகராட்சி அதைச் சுற்றி ஒரு கோடு போட்டு ‘இது டிஃப் மாவட்டம்’ என்று அறிவிக்கிறது. அன்றைய மதிப்பு 2 கோடி அப்படியே உறைந்து நிற்கும். அதற்குப் பெயர் அடிப்படை மதிப்பு. அதற்கு மேல் ஏறுவதெல்லாம் இன்க்ரிமென்ட்.

சில வருடம் போகட்டும். அந்த மூலையின் மதிப்பு 4 கோடி ஆகிவிட்டது, மற்ற இடங்கள் அப்படியே 8 கோடி. ஊரின் செலவு 60 லட்சமாக ஏறிவிட்டது. டிஃப் இல்லாமல் இருந்திருந்தால் 60 லட்சத்தை 12 கோடியால் வகுத்து அதே 5 சதவீதம் வந்திருக்கும். டிஃப் இருப்பதால் கணக்கில் வருவது 10 கோடிதான். விகிதம் 6 சதவீதம். கோட்டுக்கு வெளியே இருக்கும் 2 லட்சம் டாலர் வீட்டுக்காரர் 10,000 கட்டவேண்டிய இடத்தில் 12,000 கட்டுகிறார். கோட்டுக்கு உள்ளே அதே மதிப்புள்ள வீடு இருந்தாலும் அதே 12,000தான். ஊருக்குக் கேட்ட 60 லட்சம் முழுசாக வந்துவிட்டது. உள்ளே ஏறிய 2 கோடிக்கு 6 சதவீதம், அதாவது 12 லட்சம், டிஃப் உண்டியலுக்குப் போனது. மக்கள் கட்டியது மொத்தம் 72 லட்சம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: டிஃபுக்குள் வீடு இருப்பதால் மட்டும் உங்கள் வரி தனியாக ஏறாது. டிஃப் இருப்பதால் எல்லாருடைய விகிதமும் ஏறும், உள்ளே இருப்பவருக்கும் வெளியே இருப்பவருக்கும்.

எல்லாம் ஒரே ஒரு கேள்வியில் நிற்கிறது

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். அந்த மூலை 4 கோடி ஆனதே டிஃப் பணத்தால் சாலை போட்டு, குழாய் மாற்றி, கட்டடம் எழுப்பியதால்தானே? அது இல்லாமல் இருந்திருந்தால் 2 கோடியிலேயே நின்றிருக்கும், மொத்த மதிப்பு 10 கோடி, விகிதம் அப்போதும் 6 சதவீதம்தானே?

ஆமாம், அப்படியானால் டிஃபால் யாருக்கும் ஒரு சென்ட் கூட நஷ்டம் இல்லை. உண்டியலில் விழுந்த 12 லட்சம் உண்மையாகவே புதுப்பணம். ஆனால் அந்த மூலை டிஃப் இல்லாமலே வளர்ந்திருக்கும் என்றால், அந்த 12 லட்சம் முழுவதும் ஊர்க்காரர்களின் பையிலிருந்து வந்தது.

இலினாய் மாநிலத்தின் 1977ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் இது தெரியும். டிஃப் அமைக்க வேண்டுமானால் ‘இது இல்லாவிட்டால் இங்கே வளர்ச்சி வராது’ என்று நகராட்சி முடிவு சொல்ல வேண்டும். ஊரில் இதை ‘பட் ஃபார்’ சோதனை என்பார்கள். கூடவே அந்தப் பகுதி சீரழிந்ததாகவோ சீரழியும் நிலையில் இருப்பதாகவோ காட்ட வேண்டும். இரண்டாவது வகைக்கு, பாதிக் கட்டடங்களாவது 35 வருடப் பழசாக இருந்து, சட்டம் பட்டியலிடும் குறைகளில் மூன்று இருந்தால் போதும். சிகாகோ மாதிரி பழைய நகரத்தில் 35 வருடப் பழைய கட்டடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. ‘வளர்ச்சி வந்திருக்குமா, வந்திருக்காதா’ என்பதையோ யாராலும் திரும்பப் போய்ப் பார்த்து நிரூபிக்க முடியாது. சட்டத்தின் பலவீனம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கோடு எங்கெல்லாம் போட்டார்கள்

சிகாகோவின் முதல் டிஃப் 1984இல், ஹரால்ட் வாஷிங்டன் மேயராக இருந்தபோது, நகர மையமான லூப் பகுதியில் வந்தது. ரிச்சர்ட் எம். டேலி மேயராக இருந்த காலத்தில் இது பெருகி, டிஃப் மாவட்டங்களின் எண்ணிக்கை 150ஐத் தாண்டியது. நம்மவர்கள் மளிகைக்கும் சேலைக்கும் போகும் டெவன் அவென்யூ பக்கம்கூட ‘டெவன்–வெஸ்டர்ன்’ என்று ஒரு டிஃப் போட்டார்கள்.

2006இல் லசால் தெருவைச் சுற்றி ஒன்று அமைத்தார்கள். வங்கிகளும் பங்குச்சந்தைக் கட்டடங்களும் நெருக்கி நிற்கும் தெரு அது. அங்கே ‘சீரழியும் நிலை’ என்ற சொல்லைப் படிக்கும்போது, தெற்கிலும் மேற்கிலும் பலகை அடித்து மூடிக் கிடக்கும் வீடுகள் உள்ள தெருக்காரர்களுக்கு என்ன தோன்றியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அந்தத் தெருக்களிலும் டிஃப் இருக்கிறது. ஆனால் மதிப்பு ஏறினால்தான் உண்டியலில் காசு விழும். ஏறாத இடத்தில் டிஃப் வெறும் கோடு. உதவி எங்கே அதிகம் தேவையோ அங்கே இந்தக் கருவி மிகக் குறைவாகவே வேலை செய்கிறது, எங்கே மதிப்பு தானாகவே ஏறுகிறதோ அங்கே கொட்டுகிறது.

பெரிய சண்டை 2019 ஏப்ரலில் வந்தது. வடக்கே லிங்கன் பார்க்குக்கும் பக்டவுனுக்கும் நடுவில், ஆற்றோரம், பழைய எஃகு ஆலை இருந்த நிலத்தில் ‘லிங்கன் யார்ட்ஸ்’ என்ற திட்டம். சுற்றியுள்ளவை சிகாகோவின் வசதியான பகுதிகள். வட்டிச் செலவையும் சேர்த்து 130 கோடி டாலர் வரை டிஃப் பணம் தர நகர்மன்றம் ஒப்புதல் அளித்தது, மேயர் ராம் எமானுவெல் பதவி முடிய சில வாரங்களே இருந்தபோது. ‘130 கோடியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள்’ என்றுதான் அப்போது பேச்சு. அது சரியில்லை. கட்டுமான நிறுவனம் முதலில் தன் கைக்காசில் பாலமும் சாலையும் கட்ட வேண்டும், பின்னால் வரும் இன்க்ரிமென்ட்டிலிருந்து அதைத் திருப்பித் தருவார்கள் என்பதே ஏற்பாடு. பல வருடம் கழித்தும் அந்த நிலத்தில் ஓர் ஆய்வகக் கட்டடம் தவிரப் பெரிதாக எதுவும் எழவில்லை, முழுத் தொகையும் கை மாறவில்லை. கோபப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு: அந்த இடத்துக்கா ‘இது இல்லாவிட்டால் வளர்ச்சி வராது’ என்று முடிவு செய்தார்கள்?

அப்படியானால் பள்ளிக்கூடத்துப் பணமா?

‘டிஃப் பள்ளிகளின் பணத்தைத் திருடுகிறது’ என்ற வாக்கியத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 2013இல் சிகாகோவில் சுமார் 50 பொதுப்பள்ளிகளை மூடினார்கள். அதே மே மாதத்தில் மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்தின் பக்கம் ஓட்டலும், டீபால் பல்கலைக்கழக அணிக்கான கூடைப்பந்து அரங்கும் வரும் திட்டத்துக்கு 5.5 கோடி டாலர் டிஃப் பணம் என்று செய்தி வந்தது. தன் பிள்ளையின் பள்ளியை மூடுகிறார்கள் என்று கேட்ட ஒரு தாய்க்கு அந்தச் செய்தி எப்படி இருந்திருக்கும்? அந்தக் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் கணக்கு கொஞ்சம் வேறு மாதிரி. நம் கற்பனை ஊரில் பார்த்தோமே, ஊர் கேட்ட 60 லட்சமும் வந்துவிட்டது. பள்ளி வாரியம் கேட்கும் லெவியும் அப்படித்தான் வருகிறது, விகிதம் ஏறி வருகிறது. எனவே ஒவ்வொரு டிஃப் டாலரிலும் பாதியைப் பள்ளி இழந்தது என்று சொல்வது தவறு.

பள்ளி இழப்பது வேறு வழியில். இலினாயில் பள்ளி வாரியம் போன்ற அமைப்புகளுக்கு வரி உச்சவரம்பு உண்டு. லெவியை ஒரு வருடத்தில் விலைவாசி ஏற்றத்தின் அளவுக்கோ 5 சதவீதமோ, எது குறைவோ அந்த அளவுக்குத்தான் கூட்டலாம். இதற்கு ஒரு விலக்கு, புதுக் கட்டடங்கள். ஊரில் புதிதாக ஒரு கட்டடம் எழுந்தால் அதன் மதிப்புக்குத் தக்கபடி உச்சவரம்புக்கு மேலும் கேட்கலாம். அந்தக் கட்டடம் டிஃபுக்குள் எழுந்தால் அந்த வாய்ப்பு இல்லை, டிஃப் முடியும்வரை காத்திருக்க வேண்டும். நகரத்தின் புதுக் கட்டடங்கள் பலவும் டிஃபுக்குள் எழும்போது, பள்ளி இழக்கும் வளர்ச்சி சின்னதல்ல.

சுருக்கமாக: இன்றைய செலவுக்கான பணத்தில் டிஃப் கை வைப்பதில்லை, அதை வரி கட்டுகிறவர்கள் தலையில் ஏற்றிவிடுகிறது. பள்ளியிடமிருந்து எடுப்பது நாளைய வளர்ச்சியின் பங்கை.

‘சும்மா கிடக்கும் பணத்தை’ எடுக்க முடியுமா?

டிஃப் உண்டியலிலிருந்து ஆசிரியருக்கு நேராகச் சம்பளம் தர முடியாது. சாலை, குழாய், நிலம் வாங்குவது, பழைய கட்டடத்தைச் சீர்செய்வது, பள்ளி, நூலகம் போன்ற பொதுக் கட்டடங்கள், வேலைப் பயிற்சி என்று சட்டம் வகுத்த செலவுகளுக்குத்தான். அதுவும் அந்த மாவட்டத்துக்குள், அல்லது எல்லை தொட்டு நிற்கும் பக்கத்து டிஃபில். சிறுகடைக்காரர்கள் கடையின் முகப்பையோ கூரையையோ சரிசெய்த செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டமும் இந்த உண்டியலிலிருந்துதான் நடக்கிறது. எனக்குப் பிடித்த பயன் அது, செலவழித்த காசு தெருவில் நடக்கிறவர் கண்ணில் படும்.

மிச்சமாகும் பணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. எந்தத் திட்டத்துக்கும் ஒதுக்காத தொகையை நகராட்சி ‘உபரி’ என்று அறிவிக்கலாம். அறிவித்தவுடன் அது எல்லா வரி அமைப்புகளுக்கும் அவரவர் பங்குப்படி பிரிந்துபோகும். பள்ளி வாரியத்துக்குப் பாதிக்குச் சற்று மேல், நகராட்சிக்கு ஏறத்தாழ கால் பங்கு. ஆக நகராட்சிக்கு ஒரு டாலர் வேண்டுமென்றால் நாலு டாலரை வெளியே விட வேண்டும். 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டுக்கு மேயர் பிராண்டன் ஜான்சன் 57 கோடி டாலரை உபரியாக எடுத்தார், அதுவரை இல்லாத தொகை. உபரியாகப் போகும் பணத்தில் ஏதோ ஒரு வார்டில் எதிர்பார்த்திருந்த பூங்காவோ தெருவிளக்கோ தள்ளிப்போகும் என்பதால், வார்டு உறுப்பினர்களுக்கும் மேயருக்கும் இதில் ஒவ்வொரு வருடமும் இழுபறி.

ரயிலுக்கு ஒரு டிஃப்

2016இல் மாநிலச் சட்டத்தைத் திருத்தி ரயில் பாதைகளுக்கென்று தனி வகை டிஃப் கொண்டுவந்தார்கள். இதில் பள்ளியின் பங்கை முதலில் எடுத்துப் பள்ளிக்கே கொடுத்துவிடுகிறார்கள். மிச்சத்தில் 80 சதவீதம் ரயிலுக்கு, 20 சதவீதம் மற்ற அமைப்புகளுக்கு. 2022 டிசம்பரில் ரெட் லைன் ரயிலை 95ஆவது தெருவிலிருந்து 130ஆவது தெருவுக்கு நீட்ட இப்படி ஒன்றை நகர்மன்றம் ஏற்றது. சுமார் 96 கோடி டாலர் இதிலிருந்து வர வேண்டும்.

இந்த டிஃபின் கோடு, பாதை நீளப்போகும் தென்கோடியில் இல்லை. நகர மையத்தில் மேடிசன் தெருவில் தொடங்கி பெர்ஷிங் சாலை வரை, இருக்கும் ரெட் லைனை ஒட்டி ஓடுகிறது. மதிப்பு ஏறும் இடத்தில் எடுத்து, ஐம்பது வருடத்துக்கும் மேலாக ரயிலுக்குக் காத்திருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள். டிஃபின் பழைய கோளாறு ஒன்றை நேராகத் தொட்டுச் சரிசெய்த ஏற்பாடு என்று இதைச் சொல்வேன்.

பில்லில் ஒரு வரிசை

குக் கவுண்டியின் இரண்டாம் தவணை வீட்டுவரி பில்லைக் கையில் எடுங்கள். முதல் தவணை போன வருட வரியில் 55 சதவீதம், அதில் பார்க்க எதுவும் இல்லை. இரண்டாம் தவணையில்தான் விவரம். ஒவ்வொரு அமைப்பின் பெயருக்கும் எதிரே விகிதம், சதவீதம், இந்த வருடத் தொகை, போன வருடத் தொகை இருக்கும். வீடு டிஃபுக்குள் இருந்தால் அந்த டிஃபின் பெயரோடு ஒரு வரிசை இருக்கும், எதிரே டாலர் கணக்கு. அடிப்படை மதிப்பு உறைந்து பல வருடமான இடமாக இருந்தால், பில்லின் பெரும்பகுதி அந்த ஒரு வரிசையிலேயே நிற்பதைப் பார்க்கலாம்.

முன்பெல்லாம் பில்லில் இந்த வரிசை கிடையாது. டிஃபுக்குள் இருப்பவரின் பில்லிலும் பணம் முழுவதும் பள்ளிக்கும் பூங்காவுக்கும் நகராட்சிக்கும் போவது போலத்தான் அச்சடித்திருந்தது. கவுண்டி கிளர்க்காக இருந்த டேவிட் ஓர் இதை மாற்ற நெடுநாள் போராடினார். ‘சிகாகோ ரீடர்’ வார இதழில் பென் ஜொராவ்ஸ்கி இதே விஷயத்தை ஊர் கேட்கத் தொடங்கும்வரை வருடக்கணக்காக எழுதினார். உள்ளூர்ப் பத்திரிகை என்பதன் மதிப்பு எனக்கு இங்கேதான் தெரிகிறது. தேசியத் தொலைக்காட்சி எதுவும் ஒரு வீட்டுவரி பில்லில் விடுபட்ட வரிசையைத் தேடிக்கொண்டு வராது. புதிய டிஃபோ டிஃப் செலவோ முதலில் வருவது சமுதாய மேம்பாட்டு ஆணையத்தின் கூட்டத்துக்கு, அப்புறம் நிதிக்குழு, கடைசியில் 50 உறுப்பினர் நகர்மன்றம். மன்றத்துக்கு வரும்போது பெரும்பாலும் எல்லாம் முடிந்திருக்கும். இப்படிப்பட்ட பொதுக்கூட்டங்களில் ஊர்க்காரர்களையே உட்கார வைத்துக் குறிப்பெடுக்கச் சொல்லி, அதற்குக் கூலியும் கொடுக்கிறது தெற்குப் பகுதியில் தொடங்கிய ‘சிட்டி பீரோ’ என்ற அமைப்பு. கூட்டத்துக்குப் போக முடியாதவர்கள் அந்தக் குறிப்புகளைப் படித்தாலே நிறையத் தெரிந்துகொள்ளலாம்.

23 வருடம் முடிந்தால் வரி குறையுமா?

டேலி காலத்து டிஃப்கள் இப்போது ஒவ்வொன்றாக முடிகின்றன. மாநில சட்டமன்றம் சம்மதித்தால் இன்னும் 12 வருடம் நீட்டிக்கலாம். நீட்டிக்காமல் முடிந்தால் உறைந்திருந்த மதிப்பு உருகி, ஏறிய மதிப்பு முழுவதும் பொதுக்கணக்கில் சேரும். வகுக்கும் எண் பெரிதாவதால் விகிதம் இறங்க வேண்டும்.

நடப்பில் அந்த இறக்கம் முழுசாக உங்கள் பில்லுக்கு வராது. டிஃபிலிருந்து மீண்ட மதிப்புக்குத் தக்கபடி பள்ளி வாரியம் உச்சவரம்புக்கு மேலும் லெவியைக் கூட்டிக்கொள்ளச் சட்டம் விடுகிறது. இத்தனை வருடம் காத்திருந்த வளர்ச்சியின் பங்கு அது, வாங்கிக்கொள்ளட்டும் என்பேன். நகராட்சியும் தன் பங்கை விடப்போவதில்லை. வீட்டுவசதிக்கும் தொழில் வளர்ச்சிக்குமாக 125 கோடி டாலர் கடன் பத்திரங்கள் வெளியிட 2024 ஏப்ரலில் நகர்மன்றம் ஒப்புக்கொண்டதே, அந்தக் கடனை அடைக்க நம்பியிருப்பது முடிகிற டிஃப்களிலிருந்து நகராட்சிக்குத் திரும்பும் பணத்தைத்தான். ஆகவே உங்கள் பகுதியின் டிஃப் முடிந்த வருடத்து பில் வந்ததும் கடைசியில் இருக்கும் மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். டிஃபின் பெயர் இருந்த வரிசை மறைந்திருக்கும். போன வருடத் தொகையை ஒப்பிட்டபடி மேலே போனால், அந்தப் பணம் பள்ளி வாரியத்தின் வரிசையிலும் நகராட்சியின் வரிசையிலும் எவ்வளவு எவ்வளவு போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம்.